போலந்துக்காரர்கள் வந்த சனிக்கிழமை

போலந்துக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு ஸ்தனிஸ்லாஸுக்கு வந்ததற்கு அவன் பி.ஏ. படித்திருந்தது காரணமில்லை. பொன்மலை ஒர்க்ஷாப் ஆபீசில் பி.ஏ. படித்தவர்கள் இன்னும் இருந்தார்கள். பெயர்தான் காரணம்.

"வர்றவங்க போலந்துக்காரங்களாம்பா," என்றார் ஹெட்கிளார்க் பிச்சமுத்து. "அந்த ஊர்ல தெருவுக்கு நாலு ஸ்தனிஸ்லாஸ் இருப்பானாம். துரையே சொல்றாரு. சொந்தக்காரன் மாதிரி நீயே பாத்துக்க."

அவன் சரி என்றான். மனைவி அமலோற்பவம் இறந்த பிறகு எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

யுத்த காலம். ஒர்க்ஷாப்பில் ரயில் வண்டிகளோடு விமானங்களையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் என்று இரண்டு பேரைக் கராச்சியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒருவர் கஸிமிர், ஐம்பது வயது, பெரிய மீசை. இன்னொருவன் யூசெஃப், முப்பது இருக்கும், ஒரு காதில் கேட்காது. கூடவே கஸிமிரின் அக்காள் ஹெலெனா. ரஷ்யாக்காரன் ஊரோடு பிடித்துக்கொண்டு போய்ப் பனிக்காட்டில் மரம் வெட்ட விட்டானாம். அவன் விட்ட பிறகு பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஜங்ஷனில் அவர்களை அழைத்துவரப் போனபோது ஸ்தனிஸ்லாஸ் பெயரைச் சொல்லிக் கை நீட்டினான். கஸிமிர் கையைப் பிடிக்கவில்லை. ஆளையே சேர்த்து அணைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். போர்ட்டர்கள் பெட்டியைத் தலையில் வைத்தபடியே நின்று பார்த்தார்கள். ஹெலெனா அழுதாள். யூசெஃப் அவள் அழுததற்காக அவளைத் திட்டினான். அவள் திருப்பித் திட்டினாள். பிளாட்பாரத்தைக் கடப்பதற்குள் மூவரும் சமாதானமாகி, அவனுக்கு எவ்வளவு சம்பளம், அம்மா இருக்கிறாளா, காலையில் என்ன சாப்பிட்டான் என்றெல்லாம் அரைகுறை இங்கிலீஷில் விசாரித்து முடித்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பு என்றுதான் அதுவரை அவன் நினைத்திருந்தான். ஆபீசில் இருந்த துரைகள் ஐந்து வருஷத்தில் அவனிடம் கேட்ட சொந்த விஷயம் ஒன்றுகூட இல்லை. அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. இவர்கள் அப்படியில்லை. ஒரு சங்கதியும் விடமாட்டார்கள்.

"கல்யாணம் ஆகிவிட்டதா, பான் ஸ்தனிஸ்லாஸ்?" என்றார் கஸிமிர். பான் என்றால் ஐயா மாதிரி.

"ஆகிவிட்டது."

"குழந்தை?"

"ஒரு பெண்."

கஸிமிர் மறுபடியும் அணைத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று என்று ஸ்தனிஸ்லாஸ் விட்டுவிட்டான். மேற்கொண்டு சொல்லத் தெம்பில்லை. பொய்யும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் பொன்மலை காலனி முழுக்க அவர்களைப் பற்றிய பேச்சுதான். மூன்றாம் வகுப்பில் ஏறுகிறார்கள். டீக்கடை பெஞ்சியில் கலாசித் தொழிலாளிகளோடு உட்காருகிறார்கள். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரும்போது உள்ளே நாலு வாழைப்பழம் வைத்துத் தருகிறார்கள். தங்களுக்குள் விடிந்தால் சண்டை. தேசத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மூவருக்கும் மூன்று கட்சி. யூசெஃப் மேஜையைக் குத்துவான், கஸிமிர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போவார், அரைமணி கழித்துத் திரும்பி வந்து அவனுக்கே சுருட்டுப் பற்றவைத்துக் கொடுப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முத்தம். பிச்சமுத்துவின் மனைவியை வழியில் கண்ட கஸிமிர், ஹெட்கிளார்க் சம்சாரம் என்று தெரிந்ததும் குனிந்து கையை எடுத்து முத்தம் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடிப் போய்க் கையை அரப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு காலனியில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல பொம்பளைங்க கையத் தொடக் கூடாதுன்னு அந்தாள்கிட்ட சொல்லி வைப்பா," என்றார் பிச்சமுத்து. "எனக்குக் கோவமெல்லாம் இல்ல. இருபது வருசமா நான் ஒருநாளாச்சும் அப்படி மரியாத பண்ணியிருக்கேனான்னு வீட்ல கேக்குறா. அதுதான் தாங்கல."

ஸ்தனிஸ்லாஸ் சொன்னான். கஸிமிர் நெஞ்சில் கைவைத்து, இனிமேல் இல்லை என்று சத்தியம் செய்தார்.

ஹெலெனா ஒரு நாள் நூலில் பின்னிய வெள்ளைச் சால்வை ஒன்றை அவனிடம் கொடுத்தாள். "உன் மனைவிக்கு." வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அழுவாள், கஸிமிர் அணைத்துக்கொள்வார், அதற்கெல்லாம் அவன் நின்று ஈடுகொடுக்க வேண்டும். வேண்டாம் என்று இருந்துவிட்டான்.

அவர்களுடைய இன்னொரு வழக்கத்தையும் யூசெஃப் சொல்லியிருந்தான். அவர்கள் ஊரில் பிறந்தநாள் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பெரியவர்களுக்குப் பேர்த் திருநாள். எந்த அர்ச்சிஷ்டவரின், அதாவது புனிதரின், பெயரைச் சூட்டியிருக்கிறதோ, அவருடைய திருநாள். அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் தாமாகவே வந்துவிடுவார்கள். வீட்டுக்காரன் பலகாரம் செய்து மேஜை போட்டுக் காத்திருப்பான். ஸ்தனிஸ்லாஸ் கேட்டுத் தலையாட்டினான். ஒரு காதில் கேட்காதவன் யூசெஃப் என்றாலும் அன்றைக்குக் கேட்காமல் விட்டவன் ஸ்தனிஸ்லாஸ்தான்.

*

குழந்தை பிலோமி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தாள். அமலோற்பவத்தின் அண்ணன் கிளமென்ட் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கிளார்க். ஸ்டேஷனை ஒட்டியே குவார்ட்டர்ஸ். அவன் மனைவி திரேசுக்குப் பிள்ளையில்லை. பிரசவமான ஐந்தாம் நாள் அமலோற்பவம் ஜன்னி கண்டு போனபோது, சவத்தை எடுப்பதற்கு முன்பே திரேஸ் குழந்தையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இப்போது ஒன்றே கால் வயது. திரேசை அம்மா என்றது. ஸ்தனிஸ்லாஸை என்னவென்றும் கூப்பிடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அவன் போவான். ஒரு நாற்காலியில் உட்காருவான். குழந்தை திரேசின் புடவையைப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கார்டு பார்க்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்க்கும். காப்பி குடித்துவிட்டுக் காவேரிப் பாலத்தின் மேல் நடந்தே திரும்புவான். இரண்டு ஞாயிறு போகாமலும் இருந்தான். அதை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் முதல் ஞாயிற்றில் கிளமென்ட் விஷயத்தை எடுத்தான்.

"மாப்ள, எனக்கு மாத்தல் ஆயிருச்சு. தனுஷ்கோடி. இந்த மாசக் கடைசில போய்ச் சேரணும்."

"ஓகோ."

"என்ன ஓகோ? பிலோமி விசயம் பேசணும்ல."

திரேஸ் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். குழந்தை இடுப்பில் இருந்தது.

"நானே சொல்லிடுறேன், தம்பி," என்றாள். "இவள எங்களுக்கே குடுத்துடுங்க. முழுசா. நாளைக்கு நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டு, அந்தப் பொண்ணு வந்து புள்ளையக் கூட்டியாங்கன்னா, நான் குடுக்க மாட்டேன். இல்ல, உங்களுக்கு வேணும்னா இப்பவே வெச்சுக்குங்க. பாதி அம்மாவா இருக்க என்னால முடியாது."

"அவசரமில்ல," என்றான் கிளமென்ட். "யோசிச்சுச் சொல்லுங்க மாப்ள. அடுத்த சனிக்கிழம பாலக்கரைப் பக்கம் வரோம். நாங்களே உங்க ரூமுக்கு வரோம்."

யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் ஸ்தனிஸ்லாஸுக்குப் பட்டது. அவனிடம் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. காலையில் போனால் சாயங்காலம் வருகிறவன். அங்கே ஒரு அம்மா இருக்கிறாள். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வந்தது. அப்போதே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருப்பான். வாயைத் திறக்கச் சோம்பலாக இருந்ததால் சனிக்கிழமை என்று விட்டான். பாலத்தின் மேல் நடக்கும்போது, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிராது என்று ஒரு நினைப்பு வந்தது. அது நிம்மதியா வேறு ஏதாவதா என்று அவன் நின்று பார்க்கவில்லை. கீழே தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

*

சனிக்கிழமை ஒர்க்ஷாப் அரை நாள். பாலக்கரையில் சுருட்டுக் கடை வைத்திருந்த ஹபீபுல்லா ராவுத்தர் வீட்டு மாடி அறையில்தான் அவன் குடியிருந்தான். வந்து சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுத்தான். திரேசிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். 'எனக்கு ஆட்சேபணையில்லை அக்கா.' இவ்வளவு போதும்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பின்னாலேயே ராவுத்தரின் குரல்.

"தம்பி, துரைங்க வந்திருக்காங்க. அரெஸ்டு பண்ணவான்னு கேட்டேன், சிரிக்கிறாங்க."

வாசலில் மூவரும் நின்றார்கள். கஸிமிர் கோட்டுப் போட்டு டை கட்டியிருந்தார். அந்தப் புழுக்கத்தில் அவர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஹெலெனாவின் கையில் துணி மூடிய தட்டு. யூசெஃபின் கையில் காகிதம் சுற்றிய பாட்டில். ஸ்தனிஸ்லாஸ் எழுந்து சட்டையைத் தேடினான். அதற்குள் அவனை அணைத்தாகிவிட்டது. ஒவ்வொருவராக முத்தம் கொடுத்து ஒவ்வொரு வாழ்த்துச் சொன்னார்கள். ஆரோக்கியம், பதவி உயர்வு, யுத்தம் முடிதல். நவம்பர் பதின்மூன்று, அர்ச்சிஷ்ட ஸ்தனிஸ்லாஸ் திருநாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பிறகு அவர்கள் அறையைப் பார்த்தார்கள். மேஜை இல்லை. பலகாரம் இல்லை. அழுக்கு வேட்டி ஒன்று ஜன்னலில் தொங்கியது.

ஹெலெனாதான் முதலில் சுதாரித்தாள். "நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டோம்," என்றாள். "உன் மனைவி கடைக்குப் போயிருக்கிறாள்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராவுத்தர் முந்திக்கொண்டார். "என்ன விசேசம் தம்பி?"

"என் பேர்த் திருநாளாம். அவங்க ஊர் வழக்கம். விருந்துக்கு வந்திருக்காங்க."

"விருந்தாளியா? வந்து எம்புட்டு நேரமாச்சு, இன்னும் நிக்க வெச்சிருக்கீங்க." ராவுத்தர் படியில் தலையை நீட்டினார். "நசீரா, மேல மூணு பேரு வந்திருக்காங்க. மாவு இருக்கா?" பிறகு யூசெஃபின் பாட்டிலைப் பார்த்தார். "அது என்ன தம்பி? மருந்தா?"

"மருந்துதான்," என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"அப்ப அது பைக்குள்ளயே இருக்கட்டும். நம்ம வீட்ல யாருக்கும் சீக்கு இல்ல."

யூசெஃபுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டிலைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ராவுத்தருக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

ஒரு பெஞ்சி வந்தது. ராவுத்தர் கடைச் சுருட்டு வந்தது. சற்று நேரத்தில் நசீரா அம்மாள் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், ஒரு கூஜா நன்னாரி சர்பத்தும் கொடுத்தனுப்பினாள். கையால் சாப்பிட வேண்டும் என்றதும் கஸிமிர் கோட்டைக் கழற்றினார். இடியாப்பம் எப்படிப் பிழிகிறார்கள் என்று ஹெலெனா கேட்டாள். ராவுத்தர் கையை முறுக்கிக் காட்டினார். அந்தச் சின்ன அறையில் அத்தனை சத்தம் அது வரை கேட்டதில்லை. ஸ்தனிஸ்லாஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இவர்கள் எப்போது போவார்கள், அவர்கள் எப்போது வருவார்கள் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர்கள் போவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் திரேஸ் ஏறி வந்தாள். இடுப்பில் பிலோமி, தோளில் பை. படி ஏறிய மூச்சோடு வாசலில் நின்று, பெஞ்சியில் இருந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் திகைத்தாள். அவள் திகைப்புத் தெளிவதற்குள் கஸிமிர் எழுந்து, தேங்காய்ப் பால் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டே எட்டில் அவள் முன்னால் போய்க் குனிந்து, அவளுடைய வலக்கையை எடுத்து முத்தமிட்டுவிட்டார்.

"வீட்டு எஜமானிக்கு வணக்கம்," என்றார். "உங்கள் கணவருடைய நாள். உங்களுக்கும் எங்கள் வாழ்த்து. எவ்வளவு அழகான குழந்தை. முகம் அப்படியே உங்கள் முகம்."

திரேஸ் சூடான சட்டியைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். பின்னால் வந்த கிளமென்ட் படியிலேயே நின்றான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியும்.

ஹெலெனா எதையும் கவனிக்கவில்லை. "சால்வை பிடித்திருந்ததா?" என்று திரேசைக் கேட்டாள். "நீங்கள் இவ்வளவு உயரம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நீளமாகப் பின்னியிருப்பேன்."

"என்ன சொல்றாங்க?" என்றாள் திரேஸ்.

"மாப்ளயோட சம்சாரம்னு நெனச்சுட்டாங்க ஒன்ன," என்றான் கிளமென்ட் மெதுவாக. பிறகு இங்கிலீஷில் சொன்னான். "இவள் என் மனைவி."

கஸிமிர் நிமிர்ந்தார். கிளமென்டைப் பார்த்தார், ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பெஞ்சியில் யூசெஃப் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். இதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லோரும் தன்னையே பார்ப்பதை ஸ்தனிஸ்லாஸ் கண்டான்.

"என் மனைவி இறந்துவிட்டாள்," என்றான்.

இங்கிலீஷில்தான் சொன்னான். தமிழில் அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அவன் பயந்த அழுகையும் அணைப்பும் வரவில்லை. பெஞ்சியில் இருந்த இருவரும் எழுந்து நின்றார்கள். ராவுத்தரும் ஏன் என்று தெரியாமலே எழுந்தார். இந்த ஒன்றேகால் வருஷத்தில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். எப்படி ஆச்சு, எந்த டாக்டர், காய்ச்சல் என்றைக்கு வந்தது. ஹெலெனா அதைக் கேட்கவில்லை.

"அவள் பெயர் என்ன?" என்றாள்.

"அமலோற்பவம்."

"என்ன அர்த்தம்?"

அவன் சொன்னான். மாசில்லாமல் உற்பவித்த மாதாவின் பெயர். ஹெலெனா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"அப்படியானால் டிசம்பர் எட்டு," என்றாள்.

"ஆமாம்."

"வருகிற மாதம்." அவள் தம்பியைப் பார்த்தாள், யூசெஃபைப் பார்த்தாள். "புதன்கிழமை. வேலை விட்டு நேராக வந்துவிடுவோம். முதலில் கல்லறை, பிறகு இங்கே. செத்துப்போனவர்களுக்கும் பேர்த் திருநாள் உண்டு. அவர்களால் மேஜை போட முடியாது, அவ்வளவுதான்."

கஸிமிர் சர்பத் கிளாஸை எடுத்தார். அமலோற்பவம் என்று சொல்ல முயன்றார். நடுவில் மாட்டிக்கொண்டது. மறுபடியும் ஆரம்பித்து, முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் குடித்தார். யூசெஃபும் சொல்லிக் குடித்தான். ராவுத்தர் அந்தப் பேரைக் கேட்டதும் வெறும் கையோடு நின்றபடி, "நல்ல பொண்ணு. படி எறங்கறப்ப சத்தமே கேக்காது," என்றார்.

கிளமென்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். செத்தவள் அவனுக்குத் தங்கை. ஆனால் வந்த காரியத்தை அவன் மறக்கவில்லை. "அன்றைக்கு வாருங்கள்," என்று ஹெலெனாவிடம் இங்கிலீஷில் சொன்னான். "நாங்கள் இருக்க மாட்டோம். குழந்தையும் நாங்களும் தனுஷ்கோடி போகிறோம்."

"குழந்தை எதற்கு?"

கிளமென்ட் விளக்கினான். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நியாயமாகவே விளக்கினான். பிள்ளையில்லாத வீடு, தாயில்லாத பிள்ளை, தனிக்கட்டை ஆள். ஹெலெனா கேட்டு முடித்ததும் தம்பியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் பட்டென்று பதில் சொன்னார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. பிறத்தியார் வீட்டு விவகாரம், பிறத்தியார் வீடு என்ற நினைப்பே இல்லாமல் இருவரும் கத்தினார்கள். பிலோமி திரேசின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்ன சொல்கிறார்கள்?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

யூசெஃப் தயங்கினான். "கஸிமிருக்கு ஒரு மகள். தாஷ்கண்டில் கன்னியாஸ்திரீகளிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் ரயிலில் பிள்ளைகளுக்கு ரொட்டி இருந்தது. இப்போது ஆப்பிரிக்காவில் ஏதோ காம்பில் இருக்கிறாள். கொடுத்ததால்தான் உயிரோடிருக்கிறாள், கொடுப்பதில் தப்பில்லை என்கிறார்."

"அவர் அக்காள்?"

"அங்கே ரொட்டி இல்லை, கொடுத்தாய். இங்கே ரொட்டி இருக்கிறதே என்கிறாள்."

கஸிமிர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஹெலெனா மூச்சு வாங்கியபடி ஸ்தனிஸ்லாஸிடம் வந்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் கேட்ட கேள்வி சமையல்காரியின் கேள்வி.

"டிசம்பர் எட்டு குழந்தை இங்கே இருக்குமா, இருக்காதா? கேக் செய்ய வேண்டும். ரேஷன் சர்க்கரையை நான் இன்றைக்கே மிச்சம் பிடிக்க ஆரம்பித்தால்தான் உண்டு. இருக்காதென்றால் பெரியவர்களுக்கு வெறும் ரொட்டி போதும். சொல்."

அவனிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. எனக்கு ஆட்சேபணையில்லை. அதை எடுக்கப் போனான். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் கண்முன் வந்தது. இந்த மூன்று பேரும் இந்தப் படியில் ஏறி வருவார்கள். வராமல் இருக்கமாட்டார்கள். அமலோற்பவத்தின் பெயரைத் திக்கித் திக்கிச் சொல்வார்கள். அவளுடையது என்று காட்ட இந்த அறையில் ஒன்றும் இருக்காது.

"இருப்பாள்," என்றான்.

ஹெலெனா தலையை ஆட்டினாள். அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. காலித் தட்டைத் துணியில் முடிந்தாள். போகும்போது கஸிமிர் திரேசின் முன் ஒரு கணம் நின்றார். இந்த முறை கையைத் தொடவில்லை. தலையை மட்டும் தாழ்த்திவிட்டுப் படியிறங்கினார். ராவுத்தர் அவர்களைத் தெருமுனைவரை கொண்டுவிடப் போனார்.

அறையில் மூவர் மட்டும் நின்றார்கள்.

"தம்பி அந்தம்மாகிட்ட என்ன சொன்னாரு?" என்றாள் திரேஸ் புருஷனிடம்.

கிளமென்ட் சொன்னான்.

அவள் பெஞ்சியில் உட்கார்ந்தாள். குழந்தையை இறக்கிவிட்டாள். குழந்தை தட்டில் மிச்சமிருந்த இடியாப்பத்தை எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல, இல்ல தம்பி?" என்றாள். "நேத்து வந்த வெள்ளைக்காரிகிட்ட சொல்றீங்க. சக்கரைக்குப் பதிலு சொல்ற மாதிரி."

"தப்புதான் அக்கா."

"இங்கிலீசுலயே புள்ளையப் புடுங்கிட்டீங்க மாப்ள," என்றான் கிளமென்ட். "உங்களால முடியுமா? பகல்ல யாரு பாப்பா?"

"கீழ நசீராம்மாவக் கேக்கணும். முன்னாடி ஒரு தடவ, கொண்டாங்க தம்பி நான் பாத்துக்குறேன்னாங்க."

"கேக்கணுமா? இன்னும் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

கிளமென்ட் அவனை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஸ்தனிஸ்லாஸுக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தோஷமாக ஒன்றும் இல்லை. தலைக்குமேல் பெரிய வேலை ஒன்று வந்து உட்கார்ந்ததுபோல் உடம்பு முழுக்க அலுப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் உங்ககூட இருக்கட்டும் அக்கா. நீங்க போறப்ப நான் வந்து…"

"வேணாம்." திரேஸ் எழுந்தாள். "இன்னிக்கே இருக்கட்டும். இன்னும் பதினஞ்சு நாளு வெச்சுக்கிட்டு, அப்புறம் ஸ்டேசன்ல எறக்கிவிட்டுப் போக என்னால ஆவாது. துணியெல்லாம் நாளைக்கு இவரு கொண்டாருவாரு."

பையிலிருந்து ஒரு சின்னச் சட்டையையும் பால் கிண்ணியையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். குழந்தையைப் பார்க்காமலே பேசினாள். குரல் சண்டை போடுகிற குரலாகத்தான் இருந்தது.

"சோத்தக் கொழைய மசிச்சுக் குடுங்க. ரசம் ஊத்தாதீங்க, துப்பிடுவா. பருப்புத் தண்ணி ஊத்துங்க. ராவுல ஒரு தடவ எந்திரிப்பா, வெளக்க ஏத்துனா அழுவா, ஏத்தாதீங்க. வலது காதுல சீழ் வந்து இப்பத்தான் ஆறியிருக்கு, தலைக்கு ஊத்தறப்ப பஞ்சு வைங்க. மழைல வெளிய கொண்டு போகாதீங்க. கேக்குதா?"

"கேக்குது அக்கா."

"சும்மா தலைய ஆட்டாதீங்க. பருப்புத் தண்ணில உப்பு எவ்வளவு?"

"தெரியாது."

"ஒரு சிட்டிக. மறந்தா உப்பில்லாமலே குடுங்க, அதிகமாப் போட்றாதீங்க." அவள் படியில் இறங்கிவிட்டாள். கிளமென்ட் பின்னால் போனான்.

அம்மா போகிறாள் என்று தெரிந்துகொள்ளப் பிலோமிக்குச் சற்று நேரம் ஆயிற்று. தெரிந்ததும் வாசலுக்கு ஓடியது. ஸ்தனிஸ்லாஸ் படி விளிம்பில் அதைப் பிடித்துத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அது பின்னால் வளைந்து, அவன் மார்பில் உதைத்து, அம்மா அம்மா என்று தெரு கேட்க அலறியது. எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்தான். சட்டை முழுக்கக் கண்ணீரும் எச்சிலும்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நசீரா அம்மாள் படியேறி வந்தாள். அவள் தொழப் போகவேண்டிய நேரம்.

"இங்க குடுங்க தம்பி," என்று கை நீட்டினாள். "எங்கிட்ட வந்தா அடங்கிடும்."

"நாளைலேர்ந்து பகல்ல பாத்துக்குவீங்களாம்மா?"

"அத அப்புறம் கேக்கலாம். மொதல்ல புள்ளையக் குடுங்க."

"இல்லம்மா. நீங்க போய்த் தொழுங்க," என்றான். "அழட்டும். நானே வெச்சுக்கிறேன்."